முகாம் வீடு: செட்டிநாட்டு மண்ணில் 300 சதுர அடியை எப்படிக் கட்டலாம்?

இலங்கையிலிருந்து 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களுக்காகப் போட்ட பத்துக்குப் பத்துக் கொட்டகைகளில் இப்போது பேரப்பிள்ளைகள் வளர்கிறார்கள். தார் ஷீட்டும் தகரமும் சில வருடத்துக்கென்று வைத்தவை. ஆனால் ஒரு தலைமுறை முழுக்க அதன்கீழேயே வாழ்ந்து முடித்துவிட்டது. 2021-ல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாக அறிவித்தது நல்ல தொடக்கம். இனிமேல் கட்டுகிற ஒவ்வொரு வீடும் ஐம்பது வருடம் நிற்கும் என்ற கணக்கில்தான் வரைய வேண்டும். காரைக்குடி, சிவகங்கை, திருப்பத்தூர் பக்கத்து மண்ணையும் வெயிலையும் மழையையும் வைத்து, 300 சதுர அடியில் என்ன செய்யலாம், எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் இடம். முகாமுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் புறம்போக்கு. அது மேடாக இருந்தால் அதிர்ஷ்டம். கண்மாய்க்குப் பக்கத்து நிலமென்றால் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தக் கண்மாயின் கழுங்கு (உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் கட்டு) மட்டத்தை லெவல் கருவியால் பார்த்து, அதிலிருந்து வீட்டின் தரைமட்டத்தைக் குறிப்பது. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதைக் கழுங்கு சொல்லிவிடும். வீட்டுத் தரை அதற்கு மேலே குறைந்தது 2 அடியாவது இருக்கட்டும். சாலை மட்டத்தைப் பார்த்துத் தரையைக் குறிப்பதுதான் வழக்கம். அடுத்த முறை சாலை போடும்போது அது அரை அடி ஏறிவிடும், வீடு பள்ளத்துக்குப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் தண்ணீர் வருவதாகச் சொல்கிற இடங்களில் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து அளவு. வெளி அளவு 20 அடிக்கு 15 அடி என்று வைத்துக்கொள்வோம். சுவரின் கனம் போக உள்ளே ஏறத்தாழ 9½ × 13½ அடியில் ஒரு கூடம், 8¼ × 8 அடியில் ஓர் அறை, 8¼ × 5 அடியில் அடுப்படி. கூடமும் அறையும் சேர்ந்து 194 சதுர அடி, அதாவது 18 சதுர மீட்டர். மனிதாபிமான உதவிக்கான ஸ்பியர் கையேடு, சமையலிடம் நீங்கலாக ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கேட்கிறது. ஐந்து பேர் குடும்பத்துக்கு 3.6 வருகிறது. தப்பித்தோம். ஆறாவது ஆள் வந்தால் 3. கழிப்பறையையும் குளியலறையையும் இந்த 300-க்குள்ளேயே இழுத்தால் ஐந்து பேருக்கே 3-ஐ ஒட்டி இறங்கிவிடும். பழைய பத்துக்குப் பத்தில் அடுப்பையும் சேர்த்தே ஆளுக்கு 1.9 கூட இல்லை. அதனால் கழிப்பறையை வெளியே தனியாகக் கட்டுங்கள், 20 அடி நீளத்துக்கும் 4 அடி அகலத்தில் திண்ணை போடுங்கள். அந்த 80 சதுர அடி கணக்கில் வராது. ஆனால் படிக்கிற பிள்ளை, தையல் மெஷின், படுத்திருக்கும் பெரியவர் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். பணம் குறைகிறது என்று திண்ணையை வெட்டுகிறவர்கள் அதிகம். வெட்டவே கூடாதது அதுதான்.

திசை இங்கே சும்மா வாஸ்துக்காகப் பார்ப்பதல்ல. காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, ஆவணியில் இன்னொரு முறை வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்கு வடக்கே சாய்ந்து போகிறது. ஆகவே வடக்குச் சுவருக்குச் சன்ஷேடு வேண்டாம் என்பது நம் ஊருக்குப் பொருந்தாது. நான்கு பக்கமும் 2 அடியாவது கூரை வெளியே நீளட்டும். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், குட்டைச் சுவர்கள் கிழக்கும் மேற்கும். மாலை வெயில் அடிக்கிற மேற்குச் சுவரில் சன்னல் வேண்டாம்.

வீடுகளைச் சேர்க்கிற முறையில்தான் பெரிய தவறு நடக்கிறது. சுவர்ச் செலவு மிச்சம் என்று நான்கு வீடுகளை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சுவர் இரண்டுதான் மிஞ்சும். அவையும் எதிரெதிராக இல்லாமல் மூலையில் சேரும். காற்று நுழையும், வெளியேற வழி இருக்காது. இரண்டிரண்டாகச் சேருங்கள், போதும். குட்டைச் சுவரைப் பொதுச்சுவராக்கி, கூடங்கள் இரண்டும் அந்தச் சுவரின் இருபக்கமும் வரும்படி வைத்தால், கூடத்துக்குத் தெற்கே வாசல், வடக்கே சன்னல். அறைக்குத் தெற்கிலும் அடுப்படிக்கு வடக்கிலும் சன்னல். இரண்டுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரின் மேல் ஒன்றரை அடியை ஓட்டைக் கல்லால் கட்டிவிட்டால் அறைக்கும் காற்றோட்டம் கிடைத்துவிடும். அடுப்படிப் புகை அறைக்குள் திரும்பாமலிருக்க, வடக்குச் சுவரில் கூரையை ஒட்டி இன்னொரு வென்டிலேட்டர் கட்டாயம். கேஸ் இருந்தாலும் சீமைக் கருவேல விறகு அடுப்பு எங்கேயும் ஓய்ந்துவிடவில்லை.

மேற்கு ஓரத்து வீட்டுக்குக் கழிப்பறை, குளியலறைக் கட்டடத்தை மேற்குச் சுவரிலிருந்து 4 அடி தள்ளி வையுங்கள். மாலை வெயிலை அது வாங்கிக்கொள்ளும், இடைவெளியில் பாத்திரம் விளக்கும் இடம் கிடைக்கும். கழிப்பறைக் கதவு அடுப்படிப் பக்கத்திலிருந்து கண்ணில் படும்படி இருக்கட்டும். உள்தாழ்ப்பாளும் ஒரு விளக்கும் பெண்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை முகாம்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மதிப்பீட்டில் கடைசியில் அடிபடுவதும் அவைதான்.

இனிச் சுவர். செட்டிநாட்டின் பெரிய வீடுகளைப் பார்த்து முட்டைவெள்ளைக்கரு, கடுக்காய், அரைத்த சுண்ணாம்பு என்று ஆசைப்பட வேண்டாம். அந்தக் கைவேலை இன்று எட்டாத விலை. அந்த வீடுகளிலிருந்து எடுக்க வேண்டியவை தடித்த சுவர், உயர்ந்த அடித்தளம், நிழல், மழைநீர் போகும் வழி. அலங்காரத்தை விட்டுவிடலாம். செம்பூராங்கல் (லேட்டரைட்) பக்கத்தில் வெட்டிக் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் முகாமிலேயே அச்சடித்த மண்கல். இங்கே செம்மண்ணும் சரளையும் இருக்கிறது. முகாம்களில் கொத்து வேலைக்கும் பெயிண்ட் வேலைக்கும் போகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். கூலி வெளியே போகாமல் முகாமிலேயே நிற்கும். பின்னால் ஒரு சுவர் பழுதானால் சரிசெய்யத் தெரிந்த கையும் அங்கேயே இருக்கும். மனைக்குப் பட்டா இல்லாதவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. பழுதுபார்க்கும் செலவு ஒரு வாரக் கூலிக்குள் அடங்குகிற வீடாக இருந்தால்தான் அவரால் காப்பாற்ற முடியும்.

மண்கல்லைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி இடங்களில் இதைக் கெடுத்துவிட்டு, மண்ணே சரியில்லை என்று பழி போடுகிறார்கள்.

மேல்மண் ஒன்றரை அடியை ஒதுக்குங்கள். அதில் வேரும் மக்கும் இருக்கும். அடுத்த மண்ணை எடுத்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குலுக்கி அசையாமல் விட்டால் அடியில் சரளையும் மணலும், நடுவில் வண்டல், மேலே களி என்று படியும். சரளையும் மணலும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு, களி ஐந்தில் ஒரு பங்கு என்றால் அருமையான மண். களி அதற்கு மேல் போனால் கல் காயும்போது வெடிக்கும், எம்-சாண்ட் (கல் உடைத்த மணல்) கலக்க வேண்டும். களி மிகவும் குறைந்தால் அச்சிலிருந்து எடுக்கும்போதே மூலை உதிரும். ஊருணி தூர்வாரிய மண் இலவசமாகக் கிடைக்கிறது என்று கொண்டுவந்து கொட்டுவார்கள். அது முழுக்க வண்டலும் களியும். தோட்டத்துக்குப் போடுங்கள், சுவருக்கு வேண்டாம்.

மண்ணைச் சலித்து, எடையில் 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்து முதலில் உலர்ந்த நிலையில் புரட்ட வேண்டும். நிறம் ஒரே மாதிரி ஆன பிறகுதான் தண்ணீர், அதுவும் தெளித்து. பதம் பார்க்க ஒரு பிடியை எடுத்துக் கொழுக்கட்டை மாதிரி அழுத்தி, இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நான்கைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடிப்பொடியாகப் போனால் தண்ணீர் போதாது, உடையாமல் சப்பினால் தண்ணீர் கூடிவிட்டது. தண்ணீர் விட்ட கலவையை அரை மணி நேரத்துக்குள் அச்சில் அடித்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கலந்துவைத்துவிட்டுப் போகிறதுதான் இங்கே வழக்கமான கேடு. திரும்பி வருவதற்குள் சிமெண்ட் பிடிக்கத் தொடங்கியிருக்கும், அந்தக் கல் பார்க்க நன்றாக இருந்தாலும் மழையில் கரையும்.

24 × 24 × 9 சென்டிமீட்டர் கல் ஒன்று காய்ந்தபின் ஏறத்தாழ 10 கிலோ. ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சுமார் 100 கல். வாசல், சன்னல் கழித்து இந்த வீட்டுக்கு 2,500 கல், உடைசலுக்குப் பத்து சதவீதம் கூட்டினால் 2,750. சிமெண்ட் 28 மூட்டை. பழகிய ஏழெட்டுப் பேருக்கு ஒரு வார வேலை. அடித்த கல்லை நிழலில் அடுக்கி, முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, பிறகு நான்கு வாரம் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இந்த நான்கு வாரத்தை யாரும் முழுசாகக் கொடுப்பதில்லை. சித்திரை வெயிலில் திறந்த வெளியில் அடுக்கினால் ஈரம் ஒரே நாளில் பறந்துவிடும், சிமெண்ட் வேலையே செய்யாது. தை, மாசியில் அச்சடிக்கத் தொடங்குங்கள். தண்ணீரும் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். கட்டுவதற்கு முன் பத்துக் கல்லை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். மாவாக வந்தால் அந்த அடுக்கையே ஒதுக்குங்கள்.

மண்கல்லைத் தரைமட்டத்திலிருந்து தொடங்கக் கூடாது. அஸ்திவாரமும் தரைக்கு மேல் ஒன்றரை அடி பேஸ்மென்ட்டும் கருங்கல் கட்டு. அதன்மேல் 3 அங்குலக் கான்கிரீட் பெல்ட், பிறகே மண்கல். கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறிக்கிற உயரம் அந்த ஒன்றரை அடி. செம்மண் நிலத்தில் கரையான் அதிகம். மர நிலை வைத்தால் சில வருடத்தில் உளுத்துவிடும். கான்கிரீட் நிலையோ இரும்பு நிலையோ போதும். காரைக்குடியில் பிரித்த வீடுகளின் சாமான் விற்கிற கடைகளில் வேலைப்பாடுள்ள தேக்கு நிலைக்கு விலை சொல்லி மாளாது. ஆனால் வேலைப்பாடு இல்லாத கல் படி, கல் பலகை, மங்களூர் ஓடு ஆகியவற்றைப் பேசி வாங்கலாம். திண்ணை ஓரத்துக்குக் கல் பலகையை மிஞ்ச ஒன்றுமில்லை.

கூரைக்கு வருவோம். உச்சி வெயில் முழுக்க விழுவது இங்கேதான். சிமெண்ட் ஷீட்டும் தகரமும் பகலில் கொதிக்கும். வெறும் கான்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவு பத்து மணிக்குப் படுக்கிறவர் தலையில் இறக்கும். நாட்டு ஓடு குளுமைதான், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி மேய வேண்டும், குரங்கு நடமாடும் ஊரில் அதுவும் போதாது. எங்கள் தேர்வு, மங்களூர் ஓடுகளை உள்ளே வைத்து ஊற்றுகிற ஃபில்லர் தளம். தளத்தின் அடிப்பாகத்துக் கான்கிரீட் கம்பியைப் பிடித்துக்கொள்கிறதே தவிரப் பெரிதாகப் பாரம் தாங்குவதில்லை. கம்பிகளுக்கு இடையில் அந்தக் கான்கிரீட்டை எடுத்துவிட்டு இரண்டு ஓடுகளை முகத்தோடு முகம் சேர்த்து வைக்கிறோம். நடுவில் அடைபடும் காற்று சூட்டைத் தடுக்கும், கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சமாகும். மேலே சொன்ன அமைப்பில் எந்த இடத்திலும் தளத்தின் குறுக்கு நீளம் 10 அடியைத் தாண்டாது. அதனால் 4½ அங்குலக் கனம் போதும். கம்பிக் கணக்கைப் பொறியாளர் போட்டுக் கையெழுத்திட வேண்டும், கொத்தனார் வாய்க்கணக்கு ஆகாது.

ஒரு வீட்டுக்கு 200-லிருந்து 250 ஓடு ஆகும். ஜோடிக்கும் ஜோடிக்கும் இடையில் 4 அங்குலம் விடுங்கள், கம்பி அந்தச் சந்தில் போகும். ஓடுகளை முதல்நாளே தண்ணீரில் ஊறவைக்காவிட்டால் அவை கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஓடுகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு விழும். சந்துகளுக்குள் முக்கால் அங்குல ஜல்லி இறங்காமல் பொந்து விழும், அரை அங்குல ஜல்லி வாங்குங்கள். கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி) 1 : 1½ : 3. சட்டி சுமக்கிறவர்கள் நடக்கப் பலகை போடாவிட்டால் கான்கிரீட் விழும் முன்பே பாதி ஓடு உடைந்திருக்கும். தளத்தின்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டு, 5 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் கொடுத்து, தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்துவிட்டால் ஒழுகலுக்கு நெடுநாள் பயமில்லை. ஆண்டுதோறும் பங்குனியில் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட்டு அடித்தால் கோடையில் உள்ளே நிற்கிறவருக்கே வித்தியாசம் தெரியும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாமே என்று கேட்பார்கள். சூளையில் சுடாமல் தண்ணீரில் பதப்படுத்துகிற கல், பக்கத்து ஊர் வேலை, எல்லாம் சரி. ஆனால் செலவைப் பார்த்தால் சிவப்புக் காவித் தரையே இந்த வீட்டுக்குப் போதும். மிஞ்சுகிற பணத்தைத் திண்ணைக்கும் கழிப்பறைக்கும் போடுங்கள்.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி. ஒவ்வொன்றும் 3½ அடி விட்டம், 4 அடி ஆழம், சுற்றிலும் இடைவெளி விட்ட செங்கல் கட்டு, இரண்டுக்கும் நடுவே 4 அடி மண். ஒரு பீடத்திலிருந்து வரும் குழாய் சிறு தொட்டியில் இரண்டாகப் பிரியும். ஒரு வாயை அடைத்துவிட்டு மற்றதை மட்டும் ஓட விட வேண்டும். நிறைந்ததும் மாற்றி, மூடிய குழியை இரண்டு வருடம் ஆறப்போட்டால் நாற்றமில்லாத உரம். அவசரத்தில் இரண்டு வாயையும் திறந்தே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றாக நிறையும், பிறகு கழிவு உறிஞ்சும் லாரிதான். குளிக்கும் தண்ணீரையும் பாத்திரம் கழுவும் தண்ணீரையும் இதில் விடவே கூடாது, அது வாழைக்குப் போகட்டும். இன்னொரு சிக்கல் இந்த மண்ணுக்கே உரியது. சரளைக்குக் கீழே கெட்டியான செம்பாறை வந்தால் தண்ணீர் இறங்காது. ஓர் அடிக் குழி தோண்டி, முதலில் நிரப்பி ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, அரை மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். அசையாமல் நின்றால் அந்த இடத்தில் இரட்டைக் குழி பலிக்காது. எட்டுப் பத்து வீட்டுக்குச் சேர்த்து ஒரு செப்டிக் டேங்க், அதன் நீரை மேட்டுப் படுகையில் (தரைக்கு மேல் மேடாகப் பரப்பிய மணல் படுகை) விட வேண்டும்.

திண்ணையும் சேர்த்து ஒரு வீட்டின் கூரை 380 சதுர அடி, 35 சதுர மீட்டர். ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போனாலும் 25,000 லிட்டர். முதல் மழையில் ஒரு கூரைக்கு 70 லிட்டரை ஒதுக்கி வெளியே விட்டுவிட்டு, மீதியை இரண்டு வீட்டுக்கு ஒரு தொட்டியிலும், தொட்டி நிறைந்தால் வாய்க்காலில் ஊருணிக்கும் விடலாம். செட்டிநாட்டு ஊர்களின் பழைய வாய்க்கால் பல இடங்களில் மண் மூடிக் கிடக்கிறது. முகாமின் தண்ணீரை அதில் சேர்க்க ஊராட்சியோடு பேசினால் ஊருக்கும் முகாமுக்கும் ஒரே வேலையில் பலன் கிடைக்கும்.

வீடு வளரும். மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஒரு தகரத்தைச் சாய்த்து இறக்குவார்கள். அதைத் தடுக்க நினைப்பது வீண். இடம் குறித்துக் கொடுப்பதுதான் சரி. கழிப்பறைக் கட்டடம் இல்லாத, தனிச் சுவராக நிற்கிற பக்கத்தில் 3 அடி அகலத்துக்கு லிண்டல் (வாசலுக்கு மேல் வரும் கான்கிரீட் விட்டம்) வைத்து, அதன்கீழே வாசல் அளவுக்கு மட்டும் சிமெண்ட் இல்லாமல் மண் சாந்தில் கல்லை அடைத்துவிடுங்கள். தேவைப்படும்போது கல்லைக் கையால் பிரித்து, வேறு சுவர் அதிராமல் புது அறை சேர்க்கலாம். அஸ்திவாரத்தையும் அந்தப் பக்கம் 8 அடி முன்கூட்டியே இழுத்துவிட்டால் செலவு சொற்பம். இரட்டை வீடுகளுக்கு இடையில் கட்டட உயரத்தைப் போல இரு மடங்கு, அதாவது 24 அடி, இந்த நீட்சி போகவும் மிஞ்ச வேண்டும். தீ பிடித்தால் வண்டி நுழைய அதுதான் வழி. எல்லைக்கல் நட்டுவிடுங்கள், சொல்லால் குறித்த எல்லை நிற்காது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் 1-க்கு 12 வேண்டும். ஒன்றரை அடி உயரத்துக்கு 18 அடி நீளம், திண்ணையின் 20 அடி ஓரத்தில் கச்சிதமாக அடங்கும்.

பழைய வீட்டைப் பிரித்து அதே இடத்தில் கட்டுவதென்றால் குடும்பம் ஏழெட்டு மாதம் எங்கே போகும் என்பதை டெண்டருக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் முகாம் முழுவதையும் இடிப்பது கொடுமை, மழைக்காலம் வந்துவிட்டால் இன்னும் கொடுமை. முகாமின் காலி இடத்தில் முதல் எட்டு வீட்டை எழுப்பி, எட்டுக் குடும்பம் குடியேறிய பிறகு அவர்களுடைய பழைய கொட்டகைகளைப் பிரித்து அந்த மனையில் அடுத்த எட்டைத் தொடங்குங்கள். மாசியில் அச்சடித்த கல் பங்குனிக் கடைசியில் சுவராகட்டும், தளம் ஆனிக்குள் விழட்டும், ஐப்பசிக்கு முன் தட்டோடும் கழிப்பறையும் முடியட்டும். சாவி கொடுக்கும் நாளில் அறைக் கதவின் உள்பக்கம் பெயிண்டால் ஒரு படம் வரைந்து கொடுங்கள்: எந்தக் குழி ஓடுகிறது, எந்தத் தேதியில் திறந்தது, மண் சாந்தில் அடைத்த வாசல் எங்கே, நிலத்தடியில் குழாய் எந்த வழியாகப் போகிறது. முகாமில் பெயிண்டருக்கு ஒருபோதும் பஞ்சமில்லை.